பள்ளியில் குளிர்பானம்: ஒரு வரலாற்றுப் பார்வை



நம் பள்ளிகளில் நடைபெறும் சொற்போர்களில் அடிக்கடி இடம்பெறும் தலைப்பு ஒன்று உண்டு. ‘பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் குளிர்பானம் விற்கலாமா?’ என்பதே அது. ஒட்டிப் பேசவரும் மாணவர், “பள்ளியில் விற்காவிட்டால் வாசலுக்கு எதிரே உள்ள கடையில் வாங்கிக் குடிக்கப் போகிறோம். அந்த ஆதாயம் பள்ளிக்கே வந்தால் விளையாட்டுக்கும் நூலகத்துக்கும் உதவுமே!” என்று வாதாடுவார். வெட்டிப் பேசவரும் மாணவி, “பல்லுக்குக் கேடு, உடலுக்குக் கேடு. கேடு தரும் பொருளைக் கல்விக்கூடமே விற்கலாமா?” என்று கேட்பார். கைதட்டல் எழும். நடுவர் தீர்ப்புச் சொல்வார். மணி அடித்ததும் இரு தரப்பாரும் ஒன்றாகவே சிற்றுண்டிச்சாலைக்குப் போய்விடுவர்.

இதே வழக்கு ஒரு நாட்டில் சொற்போர் மேடையோடு நின்றுவிடவில்லை. அது நாடாளுமன்றத்துக்குச் சென்றது. நீதிமன்றப் படி ஏறியது. ஊர்தோறும் கல்வி வாரியங்களில் வாக்கெடுப்புக்கு வந்தது. அந்த நாடு அமெரிக்கா. உலகெங்கும் பெயர்பெற்ற குளிர்பானங்கள் பல பிறந்த மண்ணும் அதுவே. அங்கு நடந்தவை ஆண்டுவாரியாகப் பதிவாகியுள்ளன. எனவே, இன்றைய பேச்சில் அந்த வரலாற்றைப் படிப்படியாகப் பார்ப்போம். பார்த்தபின், நம் ஊர்ப் பள்ளிக்கு அதிலிருந்து என்ன பாடம் கிடைக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்போம்.

முதலில் குளிர்பானம் எவ்வாறு தோன்றியது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வாழ்ந்த ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் அறிஞர், தம் வீட்டருகே இருந்த மதுவடிசாலையின் தொட்டிகளில் எழும் வாயுவை ஆராய்ந்தார். அவ்வாயுவைத் தண்ணீரில் கலந்தால் சுள்ளென்ற சுவை உண்டாவதைக் கண்டார். அதைச் செய்யும் முறையை 1772ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 1783இல் ஜெனீவா நகரில் ஜேக்கப் ஷ்வெப் என்பவர் அத்தண்ணீரைத் தொழில்முறையில் தயாரிக்கத் தொடங்கினார். அக்காலத்தில் அது மருந்தாகவே மதிக்கப்பட்டது. 1886இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஜான் பெம்பர்டன் என்னும் மருந்து தயாரிப்பாளர் உருவாக்கிய கோகோ கோலாவும், முதன்முதல் விற்கப்பட்டது ஒரு மருந்துக்கடையில்தான். ஒரு கிண்ணம் ஐந்து காசு.

நம் பகுதியும் இதில் பிந்திவிடவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். அச்சுத்தொழில் செய்துவந்த ஜான் பிரேசர், டேவிட் நீவ் என்னும் இருவர் சிங்கப்பூரில் 1883ஆம் ஆண்டிலேயே சோடா நிறுவனம் ஒன்றைத் தொடங்கிவிட்டனர். அதுவே பிற்காலத்தில் பிரேசர் அண்ட் நீவ் என்று பெயர்பெற்றது. 1936 முதல் அந்நிறுவனம் கோகோ கோலாவையும் இப்பகுதியில் போத்தலில் அடைத்து விற்றது. நம் பாட்டன்மார் ‘கலர்’ என்று அழைத்தது இத்தகைய பானங்களைத்தான். தீபாவளிக்கும் திருமணத்துக்கும் பெட்டியாக வாங்கி வைப்பார்கள். விருந்தினர் வந்தால் ஒரு போத்தலை உடைத்துக் கொடுப்பார்கள். ஆக, கலர் என்பது அன்று விசேட நாளின் அடையாளமாக இருந்தது. அது அன்றாடப் பொருளாக எப்போது மாறியது, பள்ளிக்குள் எப்படி நுழைந்தது என்பதே நம் கேள்வி.

இனி அமெரிக்கப் பள்ளிகளுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது படையில் சேர வந்த இளைஞர்களுள் பலர் உடல் தகுதி இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டனர். சிறுவயதில் போதிய சத்துணவு கிடைக்காததும் அதற்கு ஒரு காரணம் என்று கண்டறியப்பட்டது. மறுபுறம், உழவர்கள் விளைவித்த பாலும் தானியமும் சில காலங்களில் விலைபோகாமல் தேங்கின. இவ்விரண்டு சிக்கல்களுக்கும் ஒரே தீர்வாக எழுந்ததே 1946ஆம் ஆண்டின் தேசியப் பள்ளி உணவுச் சட்டம். அதிபர் ட்ரூமன் அதில் கையெழுத்திட்டார். பிள்ளைகளின் உடல்நலம் நாட்டின் பாதுகாப்பைச் சார்ந்தது என்று அச்சட்டமே சொல்லிற்று. அத்திட்டத்தின் முழு மதிய உணவில் என்ன இருக்கவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இறைச்சி, முட்டை, பயறு போன்ற புரத உணவு, காய்கறி அல்லது பழம், ரொட்டி, வெண்ணெய், இவற்றோடு கால் லிட்டருக்குச் சற்றுக் குறைந்த அளவு பால். அரசு பணம் கொடுத்தது. பள்ளி சமைத்துக் கொடுத்தது. பிள்ளைகளின் உணவுக்குப் பள்ளி பொறுப்பேற்றுக்கொண்ட நாள் அது.

ஆனால் அதே கட்டடத்தில் இன்னொரு கடையும் முளைத்தது. பால் கொடுக்கும் மேசைக்குச் சில அடி தூரத்தில் காசு போட்டால் போத்தல் விழும் இயந்திரம் ஒன்று நிற்கும். அதில் மிட்டாயும் கிடைக்கும், குளிர்பானமும் கிடைக்கும். மதிய உணவுக்கென வீட்டில் கொடுத்த காசு அந்த இயந்திரத்துக்குள் போயிற்று. பள்ளி உணவோடு போட்டியிடுவதால், இவற்றைப் ‘போட்டி உணவுகள்’ என்றே அதிகாரிகள் அழைத்தனர்.

1970ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இப்போட்டி உணவுகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை வேளாண்மைத் துறைக்கு அளித்தது. அங்கே பள்ளி உணவுத் திட்டத்தை நடத்துவது வேளாண்மைத் துறையே. இரண்டே ஆண்டுகள் கழிந்தன. 1972இல் அதே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திற்று. வரும் ஆதாயம் பள்ளிக்கோ பள்ளி ஏற்றுக்கொண்ட மாணவர் அமைப்புகளுக்கோ போய்ச்சேருமானால், உணவு வேளையிலும் அவற்றை விற்கலாம் என்று வழிவிட்டது. நேயர்களே, இந்த ஒரு வரியை நன்றாகக் கவனிக்க வேண்டும். அந்தப் பானம் பிள்ளைகளுக்கு நல்லதா என்று சட்டம் கேட்கவில்லை. ஆதாயம் யாருக்குப் போகிறது என்று மட்டுமே கேட்டது. பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க வேண்டிய பள்ளியே குளிர்பான விற்பனையில் பங்காளியும் ஆயிற்று. ‘பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்’ என்று நம் பெரியோர் சொல்வார்கள். அந்த நிலைக்குத்தான் பள்ளி தள்ளப்பட்டது.

இதனால் எழுந்த கண்டனங்களைக் கேட்டபின், 1977இல் நாடாளுமன்றம் அதிகாரத்தை மீண்டும் வேளாண்மைத் துறைக்கே திருப்பிக் கொடுத்தது. துறையினர் நீண்டகாலம் கருத்துக் கேட்டு, 1980இல் ஒரு விதியை வெளியிட்டனர். சத்து மிகக் குறைந்த நான்கு வகைப் பொருள்களைக் காலையில் பள்ளி தொடங்கியதிலிருந்து கடைசி மதிய உணவு வேளை முடியும்வரை பள்ளியில் எங்குமே விற்கக்கூடாது என்பது அவ்விதி. குளிர்பானம், பனிக்கட்டி மிட்டாய், சூயிங்கம், சிலவகை இனிப்புகள் என்பனவே அந்த நான்கு வகை.

குளிர்பானத் தொழிலதிபர்களின் சங்கம் நீதிமன்றம் சென்றது. கீழ்நீதிமன்றம் விதி செல்லும் என்றது. சங்கம் மேல்முறையீடு செய்தது. 1983 நவம்பரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உணவு பரிமாறும் இடத்தில், உணவு வேளையில் விற்பதைத் தடுக்கத்தான் துறைக்கு அதிகாரம் உண்டு. பள்ளி முழுமைக்கும் நாளின் பெரும்பகுதிக்கும் தடைவிதிக்கச் சட்டம் இடங்கொடுக்கவில்லை என்பது தீர்ப்பு. குளிர்பானம் நல்லதா கெட்டதா என்று நீதிபதிகள் ஆராயவில்லை. சட்டம் கொடுத்த அதிகாரம் எதுவரை என்றே ஆராய்ந்தனர். ஆயினும் விளைவு என்ன? இயந்திரத்தை உணவுக்கூடத்தின் கதவுக்கு வெளியே, நடைபாதையில் நகர்த்தி வைத்தால் போதும் என்றாயிற்று. உள்ளே பால், ஒரு சுவருக்கு அப்பால் குளிர்பானம்!

அந்தச் சுவருக்கு இருபுறமும் என்ன நடந்தது என்பதைக் கணக்குகள் காட்டுகின்றன. 1970களின் இறுதியில் எடுக்கப்பட்ட அரசாங்க உணவு ஆய்வில், அமெரிக்க இளைஞர்களுள் ஆண்பிள்ளைகள் குளிர்பானத்தைப்போல் இருமடங்குக்கு மேல் பால் குடித்தனர். பெண்பிள்ளைகளும் பாலையே மிகுதியாகக் குடித்தனர். 1994 முதல் 1996 வரை எடுத்த ஆய்வில் கணக்குத் தலைகீழாகிவிட்டது. இரு பாலாரும் பாலைப்போல் இருமடங்கு குளிர்பானம் குடித்தனர். இதற்குப் பள்ளி மட்டுமே காரணம் என்று சொல்வது பொருந்தாது. வீடும், கடையும், விளம்பரமும் சேர்ந்துதான் இம்மாற்றத்தை உண்டாக்கின. ஆனால் பள்ளி அதைத் தடுத்து நிறுத்தும் நிலையில் இல்லை.

போத்தலின் அளவும் வளர்ந்தது. 1955 வரை கோகோ கோலாவின் வழக்கமான போத்தல் 192 மில்லிலிட்டர் கொண்டது. பின்னர் 355 மில்லிலிட்டர் டின் பரவியது. 1990களில் பள்ளி இயந்திரங்களில் 591 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் போத்தல் இடம்பிடித்தது. 355 மில்லிலிட்டர் டின் ஒன்றில் 39 கிராம் சீனி இருக்கிறது. தேக்கரண்டிக் கணக்கில் ஏறத்தாழ பத்துக் கரண்டி. பெரிய போத்தலிலோ 65 கிராம். ஒரு தேநீரில் பத்துக் கரண்டி சீனி போட்டு யாராவது நம்மிடம் நீட்டினால் குடிப்போமா? குளிர்ச்சியும் புளிப்பும் சேர்ந்து அந்தத் தித்திப்பை மறைத்துவிடுவதால்தான் நமக்கு அது தெரிவதில்லை.

இந்த இடத்தில், பள்ளித் தலைவர்கள் எல்லாரும் பேராசைக்காரர்களா என்று நீங்கள் கேட்கலாம். அப்படிச் சொல்வது நியாயமாகாது. அமெரிக்காவில் உள்ளூர் மக்கள் கட்டும் வீட்டு வரியும் நிலவரியும் பள்ளிகளுக்குப் பெரிய வருவாய். பல ஊர்களில் வரியை உயர்த்த மக்கள் வாக்களிக்க மறுத்தனர். பள்ளிக்கோ பேண்டு வாத்தியக் குழுவுக்குச் சீருடை வேண்டும்; விளையாட்டுக் குழு வெளியூர் செல்லப் பேருந்து வேண்டும்; கணினி வேண்டும். அந்த வேளையில் குளிர்பான நிறுவனங்கள் வந்து, “உங்கள் பள்ளிகளில் எங்கள் பானத்தை மட்டுமே விற்பதாக ஒப்பந்தம் செய்யுங்கள், பல ஆண்டுகளுக்குப் பணம் தருகிறோம்” என்றன. கை நீட்டாமல் இருக்க எத்தனை பேரால் முடியும்? 1990களில் இத்தகைய ஒப்பந்தங்கள் விரைந்து பெருகின.

அவற்றுள் இரண்டு நிகழ்ச்சிகள் நாடெங்கும் பேசப்பட்டன. கொலராடோ மாநிலத்தின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரப் பள்ளி மாவட்டம் ஒன்று 1997இல் கோகோ கோலாவுடன் பத்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. முதல் மூன்று ஆண்டுகளில் ஓர் ஆண்டிலேனும் 70,000 பெட்டி பானம் விற்றாக வேண்டும். பழரசமும் தண்ணீரும் இக்கணக்கில் சேரும். ஆனால் அதற்கு முந்திய ஆண்டில் விற்றதோ 21,000 பெட்டிதான். எனவே 1998இல் மாவட்ட அதிகாரி ஒருவர் பள்ளித் தலைவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். இயந்திரங்களை மாணவர் நாள் முழுதும் எளிதில் அணுகக்கூடிய இடத்தில் வையுங்கள். வகுப்பறையிலும் குடிக்க இடங்கொடுப்பதைப் பற்றி எண்ணிப் பாருங்கள் என்பது அதன் சாரம். அந்தச் சுற்றறிக்கை பின்னர் ஒரு புகழ்பெற்ற மாத இதழில் அச்சாகி வெளிவந்தது. பாடம் நடத்தவேண்டிய அதிகாரி விற்பனைப் பிரதிநிதியாக மாறிய விந்தையை மக்கள் அப்போதுதான் கண்டனர்.

இரண்டாவது நிகழ்ச்சி ஜார்ஜியா மாநிலத்தில் நடந்தது. அங்கே ஓர் உயர்நிலைப்பள்ளி, குளிர்பான நிறுவனம் அறிவித்த பரிசுப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டது. அதன்பொருட்டு 1998 மார்ச்சில் அந்நிறுவனத்தின் பெயரால் ஒரு நாளையே கொண்டாடியது. நிறுவனத்தின் பிரமுகர்கள் வந்திருந்தனர். மாணவர்கள் எழுத்து வடிவில் நின்று படம் எடுத்துக்கொண்டனர். அப்போது ஒரு மாணவர் போட்டி நிறுவனமான பெப்சியின் பெயர் பொறித்த சட்டையைக் காட்டினார். பள்ளி அவரை ஒரு நாள் இடைநீக்கம் செய்தது. கேட்டவர் பலர் சிரித்தனர். ஆனால் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கவலை இருந்தது. மாணவன் ஒரு வணிகச் சின்னத்துக்கு மரியாதை காட்டவேண்டும் என்று கல்விக்கூடம் எதிர்பார்க்கலாமா?

அறிவியலும் இக்காலத்தில் பேசத் தொடங்கியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 548 பிள்ளைகளை 19 மாதங்கள் கவனித்த ஆய்வு ஒன்று, 2001இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. நாளொன்றுக்குக் குடிக்கும் சர்க்கரைப் பானம் ஒரு கிண்ணம் கூடக்கூட, உடற்பருமன் ஏற்படும் வாய்ப்பும் ஏறக்குறைய 1.6 மடங்கு கூடுகிறது என்று அது காட்டிற்று. இங்கிலாந்தில் கிரைஸ்ட்சர்ச் என்னும் ஊரில் ஆறு தொடக்கப்பள்ளிகளைச் சேர்ந்த 644 பிள்ளைகளிடம் நடந்த சோதனை 2004இல் வெளியாயிற்று. அங்கே எதையும் தடை செய்யவில்லை. தவணைக்கு ஒருமுறை வகுப்புக்குச் சென்று, குளிர்பானத்தைக் குறைக்கும்படி பாட்டாலும் விளையாட்டாலும் சொல்லிக் கொடுத்தனர். ஒரு பல்லைக் குளிர்பானத்தில் ஊறவைத்து, அதற்கு என்ன ஆகிறது என்று காட்டினர். ஓராண்டில், பாடம் பெறாத வகுப்புகளில் எடை மிகுந்த பிள்ளைகளின் விகிதம் நூற்றுக்கு 7.5 கூடிற்று. பாடம் பெற்ற வகுப்புகளிலோ அது 0.2 குறைந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பாடம் நின்றபின், மூன்றாம் ஆண்டில் மீண்டும் அளந்து பார்த்தனர். இரு தரப்புக்கும் இடையே இருந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஒருமுறை சொன்ன பாடம் நாள்தோறும் கண்முன் நிற்கும் விற்பனையை வெல்லமுடியாது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். நல்லொழுக்க வகுப்பில் ஆசிரியர் ஒரு மணி நேரம் சொல்கிறார். சிற்றுண்டிச்சாலை ஆண்டு முழுவதும் சொல்கிறது. பிள்ளை எதைக் கேட்கும்?

இந்நிலையில் காற்று திசை மாறியது. 2002 ஆகஸ்டு 27ஆம் நாள், ஏறத்தாழ 700,000 மாணவர்களைக் கொண்ட லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டத்தின் கல்வி வாரியம், 2004 ஜனவரி முதல் பள்ளி நேரத்தில் குளிர்பானம் விற்பதில்லை என்று ஒருமனதாக முடிவு செய்தது. கலிபோர்னியா மாநிலம் 2003இல் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கும் 2005இல் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் அதையே சட்டமாக்கிற்று. 2006 மே மாதத்தில் பெரிய குளிர்பான நிறுவனங்கள், முன்னாள் அதிபர் கிளிண்டனின் அறக்கட்டளையுடனும் அமெரிக்க இதயநலச் சங்கத்துடனும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. தொடக்கப்பள்ளிகளுக்குத் தண்ணீர், கொழுப்புக் குறைந்த பால், கலப்பில்லாத பழரசம் ஆகியவற்றை மட்டுமே அனுப்புவது, மற்றப் பள்ளிகளிலும் முழுச் சீனிக் குளிர்பானத்தை நிறுத்துவது என்பது அந்த உடன்பாடு. பள்ளிகளுக்குச் சென்ற பானங்களின் கலோரி அளவு 2004க்கும் 2009-10 கல்வியாண்டுக்கும் இடையே நூற்றுக்கு 88 குறைந்தது என்று தொழில்துறையின் சொந்தக் கணக்கே கூறியது. பின்னர் 2010இல் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், பள்ளி முழுவதற்கும் பள்ளி நாள் முழுவதற்கும் விதிசெய்யும் அதிகாரத்தை வேளாண்மைத் துறைக்கு வழங்கிற்று. புதிய விதிகள் 2014 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தன. 1983இல் நீதிமன்றம் இல்லையென்று சொன்ன அதிகாரத்தைச் சட்டமே கொடுப்பதற்கு 27 ஆண்டுகள் பிடித்தன.

தடை வந்தபின் எல்லாம் நலமா? இதற்கும் நேர்மையாக விடை சொல்லவேண்டும். 40 மாநிலங்களின் பிள்ளைகளை ஆராய்ந்து 2012இல் வெளிவந்த ஆய்வு ஒன்று நமக்கு உதவுகிறது. சோடாவை மட்டும் தடைசெய்து, சீனி சேர்த்த விளையாட்டு வீரர் பானங்களையும் பழச்சுவைப் பானங்களையும் விட்டுவைத்த மாநிலங்களில், மாணவர்கள் அவற்றுக்கு மாறிக்கொண்டனர். பள்ளிக்குள் சர்க்கரைப் பானம் வாங்குவது குறையவில்லை. எல்லாச் சர்க்கரைப் பானங்களையும் தடைசெய்த மாநிலங்களில் பள்ளிக்குள் வாங்குவது குறைந்தது. ஆயினும் பிள்ளைகள் வீட்டிலும் வெளியிலும் சேர்த்து மொத்தமாகக் குடித்த அளவில் பெரிய மாற்றம் தென்படவில்லை. அரைகுறைத் தடை ஏட்டில் நிற்கும். முழுத் தடையும் பள்ளி வேலிக்குள்தான் பயன்தரும். வேலிக்கு வெளியே பெற்றோர்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“அப்படியானால் சொற்போரில் ஒட்டிப் பேசிய மாணவர் சொன்னதுதான் சரி, எப்படியும் குடிப்பார்கள், பள்ளியே விற்றால் என்ன?” என்று சிலர் கேட்கலாம். வெளியே ஒன்று நடக்கிறது என்பதற்காக அதைப் பள்ளியும் செய்யவேண்டும் என்பது வாதமாகாது. சாலையில் வண்டிகள் விரைகின்றன என்பதற்காகப் பள்ளித் திடலில் பந்தயம் விடுகிறோமா? மேலும் வாசலுக்கு வெளியே இருப்பதையும் சட்டம் எட்டக்கூடும். இந்தியாவில் 2020இல் வெளியான விதிகள், சீனியும் உப்பும் கொழுப்பும் மிகுந்த உணவுகளைப் பள்ளிக்குள் மட்டுமன்றி, பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் விற்கக்கூடாது என்கின்றன. பிரான்சு நாடு 2005 செப்டம்பர் முதல் பள்ளிகளில் உணவு, பான விற்பனை இயந்திரங்களையே அகற்றியது. குளிர்பானம் மிகுதியாகக் குடிக்கும் நாடுகளுள் ஒன்றான மெக்சிகோ 2025 மார்ச் இறுதியில் பள்ளிகளில் இத்தகைய விற்பனைக்குத் தடை விதித்தது.

இனி நம் பகுதிக்குத் திரும்புவோம். இங்கும் அரசு பிள்ளைகளின் உணவில் அக்கறை காட்டியே வந்திருக்கிறது. மலேசியாவில் வசதி குறைந்த மாணவர்களுக்குத் துணையுணவுத் திட்டம் 1979 முதலும், பள்ளிப் பால் திட்டம் 1983 முதலும் நடந்துவந்தன. பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகளுக்கான கல்வி அமைச்சின் வழிகாட்டியில், விற்கக்கூடாதவற்றின் வரிசையில் காற்றடைத்த குளிர்பானமும் இடம்பெற்றது. 2019 ஜூலை 1 முதல் சீனி மிகுந்த பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதிக்கப்பட்டது. பின்னர் அவ்வரி உயர்த்தவும்பட்டது. சிங்கப்பூரில் 2011இல் பள்ளிகளில் உடல்நல உணவுத் திட்டம் தொடங்கிற்று. 2022 டிசம்பர் 30 முதல் பானங்களுக்குச் சீனியின் அளவையும் கொழுப்பின் அளவையும் பொறுத்துத் தரக்குறியீடு கட்டாயமாயிற்று. மிகக் குறைந்த தரம் பெற்ற பானங்களுக்கு விளம்பரமும் தடை செய்யப்பட்டது.

சிங்கப்பூரின் அனுபவத்தில் இன்னொரு பாடமும் உண்டு. 1992இல் அங்கே எடை மிகுந்த மாணவர்களைத் தனியே பிரித்து உடற்பயிற்சி செய்யவைக்கும் திட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆனால் அத்திட்டத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் ‘குண்டு’ என்று பொருள்படும் சொல் வந்தது. சக மாணவர்களின் கேலிக்குக் கேட்கவா வேண்டும்? 2007இல் அத்திட்டம் முடிவுக்கு வந்தது. அதன் இடத்தில் எல்லா மாணவர்க்கும் பொதுவான நலத்திட்டம் வந்தது. பிள்ளையைப் பிரித்து நிறுத்தித் திருத்துவதைவிட, பிள்ளைகள் அனைவரும் வாங்கும் கடையைத் திருத்துவது எளிது, மனத்தைப் புண்படுத்தாததும்கூட.

நேயர்களே, இவ்வளவு நீண்ட வரலாற்றிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? குளிர்பானம் என்றாவது ஒருநாள் குடித்தால் யாரும் கெட்டுப்போவதில்லை. பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் அது மேசையில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அதன் விற்பனையால் வரும் காசை நம்பிப் பள்ளி நடக்கத் தொடங்கினால், கூடுதலாக விற்கவேண்டும் என்னும் கட்டாயம் பள்ளிக்கு வந்துவிடுகிறது. 1972இல் ஆதாயத்துக்கு வழிவிட்ட சட்டமும், கொலராடோவில் வந்த சுற்றறிக்கையும் இதையே காட்டுகின்றன. அங்கு எந்த ஆசிரியரும் பிள்ளைகளுக்குக் கேடு செய்ய எண்ணியதில்லை. கணக்குப் புத்தகம் அவர்களை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. ஆகவே, ‘பள்ளியில் குளிர்பானம் விற்கலாமா?’ என்னும் கேள்விக்கு வரலாறு தரும் விடை, ‘விற்கக்கூடாது, அந்த வருவாயை நம்பும் நிலையும் பள்ளிக்கு வரக்கூடாது’ என்பதே.

இதில் நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. பள்ளிக்குப் போதிய பணம் இல்லையென்றால், அந்தப் பற்றாக்குறையை யாராவது ஈடுசெய்துதான் ஆகவேண்டும். பெற்றோரும், முன்னாள் மாணவரும், ஊர்ப் பெரியவர்களும் முன்வராவிட்டால், போத்தல் விற்பவர் முன்வருவார். அடுத்தமுறை பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குச் செல்லும் பெற்றோர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். நம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் என்னென்ன பானங்கள் விற்கப்படுகின்றன? சோடா இல்லையென்றால், அதன் இடத்தில் சீனி கரைத்த வேறு நிறத் தண்ணீர் நிற்கிறதா? சிற்றுண்டிச்சாலையை நடத்துபவர் கட்டும் வாடகை, நல்ல பொருளை மட்டும் விற்றும் பிழைக்கக்கூடிய அளவில் இருக்கிறதா? இந்த மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. வாடகையை ஏற்றிவிட்டு, மலிவான சீனிப் பானத்தை விற்காதே என்று கடைக்காரரிடம் சொல்வது நியாயமாகுமா?

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். உங்கள் பள்ளியில் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது சுத்தமாகவும் குளிர்ச்சியாகவும், ஓய்வு நேரத்தில் எட்டக்கூடிய இடத்திலும் இருக்கிறதா? இல்லையென்றால் வகுப்பாசிரியரிடம் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். தாகம் எடுத்த பிள்ளைக்கு முதலில் கண்ணில் படுவது தண்ணீராக இருக்கட்டும்.

அடுத்த வாரம் வேறொரு தலைப்பில் சந்திப்போம். வணக்கம்.